பல் பக்கத்தில் ஒரு கட்டில்

பல் டாக்டரின் இணையதளத்தில் 'எங்கள் சிகிச்சைகள்' என்ற பக்கத்தைத் திறந்தால், வேர் சிகிச்சைக்கும் பல் கட்டுவதற்கும் நடுவில் ஒரு இரட்டைக் கட்டில் கிடந்தது. மெத்தையோடு. 'இந்த வாரம் மட்டும் தள்ளுபடி' என்று படத்தின் மேலேயே எழுதியிருந்தது.

டாக்டர் தொலைபேசியில் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். நாளைக் காலையில் நேரில் வருவதாகவும், அதற்குள் சரியாகாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகவும் மெல்லிய குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சித்தப்பாவின் கம்பெனிக்கு அவர்தான் பெரிய வாடிக்கையாளர். அவர் போனால் ஓர் ஆளைக் குறைக்க வேண்டியிருக்கும். கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர். அதில் ஒருவர் சித்தப்பா.

இன்னொருத்தி அவருடைய அண்ணன் மகள். இயற்பியல் படித்தவள். யார் எதைக் கேட்டாலும் 'சரி' என்பாள். அவள் பேச்சில் பாதி அதுதான். மீதிப் பாதியை மனசுக்குள் பேசிக்கொள்வாள்.

சலவைக் கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதுதான் ஆபீஸ். அங்கே சித்தப்பா ஊரிலுள்ள கடைகளுக்கெல்லாம் இணையதளம் நடத்தினார். எல்லாம் ஒரே சர்வரில் இருந்தன. திறந்து பார்த்தால் 'புதுசு', 'புதுசு2', 'கடைசி', 'நிஜமான கடைசி' என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டர். 'அழிக்காதே' என்று ஒன்று. அதற்குள் ஒன்றுமே இல்லை.

"இதை எடுத்துடலாமா சித்தப்பா?"

"அழிக்காதேன்னு போட்டிருக்குல்ல. ஏதோ காரணமாத்தான் போட்டிருப்பேன்."

எந்தக் கோளாறு வந்தாலும் சித்தப்பாவிடம் ஒரே மருந்துதான் இருந்தது. மூன்று ஏழு. ஒரு ஃபோல்டருக்கு அந்த எண்ணைக் கொடுத்துவிட்டால் யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம், யாரும் உள்ளே போய் வரலாம். அத்தனை வாடிக்கையாளர்களுக்கும் ஒரே பாஸ்வேர்டு வேறு. நம்ம ஆளுங்கதானே என்பார்.

கட்டில் யாருடையது என்று கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. ஊரில் கட்டில் கடை ஒன்றுதான்.

"ஆமாம்மா, நான்தான் போட்டேன்" என்றார் கட்டில்காரர். "என் ஃபோல்டர் ஒரே குப்பையா கெடக்கு. டாக்டர் எடத்துல ஒரு ஓரமா காலியா இருந்துச்சு."

"அந்த ஃபோல்டர்ல எந்தப் படம் இருந்தாலும் அவரோட பக்கத்துல தானா வந்துடும் சார்."

"அப்படியா? நல்லதாப் போச்சு. நாலு பேரு பார்ப்பாங்க."

"அது அவரோட எடம் சார்."

"அவரு வேணாம்னா சொன்னாரு?"

அவள் "சரி சார்" என்று வைத்துவிட்டாள். பிறகு எதற்குச் சரி சொன்னோம் என்று தன்மேலேயே எரிச்சல் பட்டாள். அந்த எரிச்சலில்தான் வேலை ஓடியது. முதலில் கட்டில் படத்தை எடுத்தாள். ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஃபோல்டர், தனி பாஸ்வேர்டு. சொந்தக்காரர் எழுதலாம். ஆபீஸ் பார்க்கலாம். பக்கத்துக் கடைக்காரர் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

சித்தப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "கட்டில்காரர் நம்ம வீட்டு மனுஷன் மாதிரி. அவருக்குப் போய்ப் பூட்டுப் போடுறதா?"

"டாக்டர் போயிட்டா?"

சித்தப்பா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது: பழைய ஏழுகளைத் துடைத்தெடுப்பது. எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகப் புது எண்ணைக் கொடுத்து ஒரு வரிக் கட்டளை அடித்தாள். அடித்த பிறகுதான் உறைத்தது. அது கோப்புகளுக்கான எண். கோப்புக்கு உள்ளே நுழையும் அனுமதி தேவையில்லை, ஃபோல்டருக்குத் தேவை. ஃபோல்டர்களுக்கும் சேர்த்து அதைப் பிடுங்கிவிட்டாள். இனி சொந்தக்காரரே வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். ஊரிலுள்ள கடைகள் அத்தனையும் ஒரே நொடியில் 'அனுமதி இல்லை' என்று ஒரே பலகையை மாட்டிக்கொண்டன.

தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. டாக்டர் வந்துவிட்டார்.

சித்தப்பா அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, அவள் காதருகே குனிந்தார். "மூணு ஏழைப் போட்டுடு. எல்லாம் எழுந்துக்கும்."

"வேணாம் சித்தப்பா."

சொன்னது யார் என்று சித்தப்பா ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு தானே போட்டுவிடலாம் என்று கையை நீட்டினார். அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடியில் வைத்தபடியே அடித்தாள்: ஃபோல்டர்களை மட்டும் தேடி, அவற்றுக்கு மட்டும் நுழையும் அனுமதி. ஒரு எழுத்து தப்பாகி, மறுபடியும் அடித்தாள்.

டாக்டர் தன் போனில் தன் பக்கத்தைத் திறந்தார். வேர் சிகிச்சை. அடுத்து, பல் கட்டுவது. நடுவில் ஒன்றுமில்லை.

"இப்ப சரியா இருக்கு" என்றார் அதே மெல்லிய குரலில். "நாளைக்கு?"

அவளிடம் பதில் இருந்தது. எதிலிருந்து தொடங்குவது என்று அவள் யோசிப்பதற்குள் சித்தப்பாவின் போன் அடித்தது. சித்தப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"என்னப்பா இது, என்னை உள்ளயே விடமாட்டேங்குது" என்றார் கட்டில்காரர்.

"எங்கே?"

"டாக்டர் எடத்துலதான். கட்டில் வேற காணாமப் போயிடுச்சு. சரி, ஒரு அலமாரியாவது போடலாம்னா, அனுமதி இல்லைங்குது. காலையில இருந்து விதவிதமா முட்டிப் பார்த்துட்டேன்."

சித்தப்பா ஸ்பீக்கரை அணைக்கப் பொத்தானைத் தேடினார். அகப்படவில்லை.

"உங்க எடத்துல போடுங்க சார்" என்றாள் அவள். குரல் அவளுக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

"அங்கே கசகசன்னு இருக்கும்மா. டாக்டர் எடம்தான் சுத்தமா இருக்கு."

டாக்டர் முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார். நல்ல வரிசையான பற்கள். "சுத்தமாவே இருக்கட்டும்" என்று எழுந்தார். "அடுத்த வருஷமும் இந்தப் பொண்ணே பார்த்துக்கட்டும் சார்."

அவர் இறங்கிப் போனதும் சித்தப்பா தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் தட்டினார்.

"பாப்பா, எனக்கும் அனுமதி இல்லைங்குது."

"நீங்க பார்க்க மட்டும்தான் முடியும் சித்தப்பா. ஏதாவது மாத்தணும்னா என்கிட்ட சொல்லுங்க."

"கம்பெனி என்னோடதுதானே?"

"ஆமா சித்தப்பா."

கீழே சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்றது.

"சரி, சொன்னா செய்வியா?"

"சொல்லுங்க."

"அந்த 'அழிக்காதே'யை அழிச்சுடு."