கண்மாய்ப் பக்கத்துச் சுவர்

செவந்தி சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து செருகிக்கொண்டு மண் மிதித்துக்கொண்டிருந்தாள். செம்மண்ணும் வைக்கோலும் கண்மாய்த் தண்ணீரும் சேர்ந்த குழம்பு காலைப் பிடித்துப் பிடித்து விட்டது. இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலி. வலித்தால் வலிக்கட்டும் என்று மிதித்தாள். முதல் நாள்தான் புது வீட்டுக்கு வாசல் நிலை வைத்திருந்தார்கள். நிமிரும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. பட்டதும் கால் தானாக வேகம் பிடித்தது.

நிலை ஸ்லீப்பர் கட்டையில் செய்தது. அவள் புருசன் ராக்கன் ரயில்வேயில் கேங்மேன். வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்துக்கடியில் ஜல்லி குத்தி முதுகு வளைந்து, போன வருஷம் ரிட்டயர் ஆனவர். ரயில்வேயில் கழித்துப்போட்ட கட்டையை வாங்கி வந்து ஆசாரியிடம் கொடுத்திருந்தார். எவ்வளவு இழைத்தும் ஆணி இருந்த ஓட்டைகள் போகவில்லை. அந்த ஓட்டைகளுக்கும் சேர்த்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மேலே மாவிலை கட்டியிருந்தாள் செவந்தி. நிலைக்குள் பார்த்தால் கண்மாய் தெரிந்தது.

அவளும் சும்மா உட்கார்ந்து தின்றவள் இல்லை. ஸ்டேஷன் பிளாட்பாரத்தைக் கூட்டிப் பெருக்கியே கிழவியானவள். ரயில்வே லயனில் அவர்களுக்குக் கொடுத்திருந்த வீட்டுக்கு ஒரே கதவு. திறந்தால் தண்டவாளம். உலர்த்தின துணியில் கரி, சோற்றில் கரி, மூக்கைச் சிந்தினால் கரி. "போதும்யா இந்தக் கரிப் பொழப்பு. கடைசிக் காலத்துல வாசல்ல வந்து உக்காந்தா கண்ணு முன்னாடி தண்ணி கெடக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. இது ஒன்றுதான் கேட்டாள். ராக்கனின் அப்பன் விட்டுப்போன மேடு, கண்மாய்க்கரை வந்து முடிகிற இடத்தில், பட்டாவோடு கிடந்தது. பெற்றது எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்ட இரண்டு பேருக்கு அது போதும்.

கொத்தனார் பிச்சைமுத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்தூர்க்காரர். வந்த மனுசன் கரண்டியைக்கூட எடுக்காமல் ஹாண்டில்பாரைப் பிடித்தபடியே நின்றார்.

"என்ன கொத்தனாரே, மண்ணு பக்குவமா இருக்கு. வாங்க, வேலையப் பாப்பம்" என்றாள் செவந்தி.

"நிலைய எடுக்கணும், செவந்தி."

"என்னது?"

"பஞ்சாயத்துப் பிரசிடெண்டு வழியில மறிச்சுச் சொன்னாரு. கரை மேலதான் ஊர்ச்சனம் அய்யனார் கோயிலுக்குப் போகுதாம். ஒங்க வாசல் அதுக்கு நேரா இருக்கக் கூடாதாம். வீடு கட்டிக்கட்டும், யாரு வேணாங்குறா, வாசல மட்டும் மேக்கே திருப்பி வச்சுக்கிறச் சொல்லுங்குறாரு."

"மேக்கே சுடுகாட்டுப் பாதையில்ல இருக்கு?"

பிச்சைமுத்து சைக்கிள் மணியைத் துடைத்தார். "அத எங்கிட்டக் கேட்டா நான் என்ன சொல்றது? நான் கூலிக்கு வார ஆளு."

செவந்திக்கு நெஞ்சு திகுதிகுவென்று எரிந்தது. வைத்த நிலையைப் பிடுங்குவதா? எந்த வீட்டில் நடக்கும் இந்த அக்கிரமம்? செத்த வீட்டில்கூடச் செய்ய மாட்டார்களே! அவள் புருசனைத் திரும்பிப் பார்த்தாள். ராக்கன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தார். அவர் ஏதோ கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தாள். அவரோ துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பிரசிடெண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

மதியம் திரும்பி வந்தவர் குடத்துத் தண்ணீரைச் சாய்த்துக் குடித்தார். மீசையைத் துடைத்தார்.

"திருப்பிருவோம், புள்ள."

"தீண்டாமைக்குச் சட்டம் வந்துருக்குங்கறாக. புதுக்கோட்டைக்குப் போயி ஆபீசர்கிட்டச் சொல்லுவம்யா."

"ஆபீசரு ஒரு நாளைக்கு வருவாரு. ஜீப்புல வந்து ஜீப்புல போயிருவாரு. அப்பறம்? நம்ம தெருச்சனம் ஒண்ணுக்கும் வயக்காட்டுல வேலை இல்லைங்குறாரு பிரசிடெண்டு. நடவு, களையெடுப்பு, அறுப்பு எதுவும் கெடையாதாம். ஒன் ஒத்த வாசலுக்காக அம்புட்டுப் பேரும் பட்டினி கெடக்கவா?"

"அவுக வயலு அவுகளே நட்டுக்குவாகளாக்கும்?"

"கொடி காட்டுனா நிக்கணும், செவந்தி. மோதுனா நம்மதான் சாவோம்."

"நீரு நின்னு நின்னுதான் முதுகு வளைஞ்சு போச்சு" என்றாள். அவர் கடப்பாரையை எடுத்தார்.

கடப்பாரையை விட்டு நெம்பியதும் நிலை முனகிக்கொண்டு சாய்ந்தது. மாவிலை சேற்றில் விழுந்தது. அந்த இடத்தில் ஆள் உயரத்துக்குத் திறப்பாக நின்றதை மண் வைத்து அடைக்கச் சொன்னார் பிச்சைமுத்து. காலையிலிருந்து செவந்தி மிதித்து வைத்திருந்த மண் பதமாக இருந்தது. உருண்டை உருண்டையாக எடுத்து அவளே கையில் கொடுத்தாள். ஒவ்வொரு உருண்டைக்கும் அந்தப் பிரசிடெண்டு குடும்பத்தை ஒரு வார்த்தை சொல்லிச் சபித்தாள். கொத்தனார் காதில் விழாதது மாதிரி வாங்கி வைத்தார்.

சுவர் இடுப்புக்கு வந்தபோது அவள் கை நின்றது.

"கொத்தனாரே, வாசல் மேக்கன்னா கிழக்க என்ன?"

"கிழக்க கொல்லைதான்."

"அப்பக் கொல்லையில சாக்கடைக்கு ஓட்டை வேணுமில்ல? அடியில ஒண்ணு விடுங்க."

பிச்சைமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். ஈரம் காயாத சுவரின் அடியில் முழங்கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை குடைந்து பூசினார்.

ஆவணியில் குடிபோனார்கள். சுடுகாட்டைப் பார்த்த வாசலில் செவந்தி கோலம் போடவில்லை. அவளுடைய அக்கறையெல்லாம் கிழக்கே போயிற்று. துவைகல்லைக் கொண்டுபோய் அங்கே போட்டாள். கோழிக்கூடு அங்கே. சாம்பல்மேடு அங்கே. மீன் கழுவின தண்ணீரும் கஞ்சித் தண்ணீரும் ஓட்டை வழியாகக் கரையைப் பார்த்து ஓடின. இரண்டு கம்பு நட்டுக் கயிறு கட்டி ராக்கனின் கோவணங்களையும் தன் உள்பாவாடைகளையும் வரிசையாகக் காயப்போட்டாள். ஊர்ச்சனம் கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமை காலையில் ஒரு துணி கூடுதலாகத் தொங்கும்.

"வேணாம் புள்ள. கூப்புட்டுக் கேப்பாக."

"கேக்கட்டுமே. வாசல்தான வேணாமுன்னாக? கொல்லையப் பாக்கட்டும்."

கேட்கத்தான் செய்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பிரசிடெண்டு ரத்தினவேல் வெள்ளைச் சட்டையும் விபூதியுமாகக் கரைமேல் வந்து நின்றார். பின்னால் அர்ச்சனைத் தட்டோடு அவர் சம்சாரம். அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஏ ராக்கா! என்னடா இது, கோயிலுக்குப் போற பாதையில? ஒம் பொண்டாட்டிக்குத் துணி காயப்போட வேற எடம் கெடைக்கலையா?"

ராக்கன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் செவந்தி துவைகல்லிலிருந்து எழுந்தாள்.

"வாசலா இருந்தா சாணி தெளிச்சு கோலம் போட்டு வச்சிருப்பேன், சாமி. நீங்கதான கொல்லையாக்கிக் குடுத்தீக? கொல்லையில யாரு கோலம் போடுவா?"

அந்த அம்மாள் "பேச்சப் பாரு, பேச்சப் பாரு" என்று புருசன் முதுகில் தட்டினாள். ரத்தினவேல் கோபப்படவில்லை. வீட்டைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். அங்கிருந்து சரிவில் இறங்கி, கண்மாய்த் தண்ணீர் கிடக்கும் இடம் வரைக்கும் அவர் கண் போயிற்று. "நல்லாத்தான் பேசுற" என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்றைக்கு ராத்திரி செவந்தி ராக்கனுக்குக் கருவாடு சுட்டுப் போட்டாள். கல்யாணமான புதிதில் மாதிரி இரண்டு தடவை சிரித்தாள்.

ஐப்பசி மழை அந்த வருஷம் ஊற்று ஊற்றென்று ஊற்றியது. கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் கலிங்கு வழியாக வழிந்து ஓடிவிடும். அங்கே நட்டிருக்கும் கல்தூண்களுக்கு நடுவே தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் அதற்கு மேல் கண்மாய் ஏறாது. ராக்கனின் அப்பன் காலத்திலிருந்து இந்த மேட்டைத் தண்ணீர் தொட்டதில்லை. அந்த வருஷம் தண்ணீர் இறங்க வேண்டிய நாளில் மடைக்காரர் ஆண்டிச்சாமி ஆட்களோடு வந்து, கல்லுக்குக் கல் பனந்துண்டுகளைக் குறுக்கே செருகி, வைக்கோலும் களிமண்ணும் வைத்து இறுக அடைத்தார். ராக்கன் ஓடிப்போய்க் கேட்டார்.

"பிரசிடெண்டு உத்தரவு. தண்ணிய வீணாக்காமத் தேக்கி வைக்கச் சொல்லிருக்காரு" என்றார் ஆண்டிச்சாமி.

ராக்கன் நனைந்த துண்டோடு பிரசிடெண்டு வீட்டு வாசலில் நின்றார். இந்தத் தடவை செவந்தியும் கூடப் போயிருந்தாள்.

"ஐயா, தண்ணி வீட்டுக்கு வந்துருமுங்க."

"ரெண்டாம் போகத்துக்குத் தண்ணி வேணாமாடா? ஊரே வெள்ளாமை பண்ணித் திங்கிற கண்மாய்டா அது. ஒன் ஒத்த வீட்டுக்காகத் தொறந்து விடணுமோ? நீயே நாயத்தச் சொல்லு."

"எந்த வருசமும் இப்படி அடைச்சதில்லீங்களே."

"எந்த வருசமும் அங்க வீடு இருந்ததில்லையே" என்று ரத்தினவேல் வெற்றிலையைக் குதப்பினார். செவந்திக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. ராக்கன் அவள் கையை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நாலைந்து நாளில், காலையில் பாத்திரம் கழுவி ஊற்றிய தண்ணீர் ஓட்டை வழியே வெளியே போகாமல் நின்றது. செவந்தி விளக்குமாற்றால் தள்ளினாள். போன தண்ணீர் திரும்பி வந்தது. பின்னாலேயே இன்னும் கொஞ்சம் வந்தது. குனிந்து கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று, கலங்கலில்லாமல், கண்மாய்த் தண்ணீர்.

"யோவ்! இங்கிட்டு வாய்யா!"

ராக்கன் கோணியைச் சுருட்டி ஓட்டையில் அடைத்தார். அவருடைய பழைய காக்கிச் சட்டையையும் திணித்தார். அவள் அந்தக் கோவணங்களையும் பாவாடைகளையும் கயிற்றிலிருந்து உருவிக்கொண்டு வந்து கொடுத்தாள். ஓட்டை அடைபட்டது. ஆனால் சுவர் மண்சுவர் ஆயிற்றே. அடியில் ஈரம் கருத்து ஏறிக்கொண்டே வந்தது. "நாந்தான்யா வழி வச்சுக் குடுத்தேன்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீ வழி வைக்காட்டியும் வந்துருக்கும். வேணுமின்னு விட்ட தண்ணி" என்றார் ராக்கன். அவர் இப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

மறுநாள் கண்மாய் பெருகியதற்கு அய்யனாருக்குப் பொங்கல். மழை வெறித்து வெயில் அடித்தது. ஊரிலிருந்து கொட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்த நேரத்தில், கிழக்குச் சுவரின் நடுப்பாகம் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் போட்டுவிட்டு வெளிப்புறமாகச் சரிந்தது. முதலில் நிலை இருந்த அதே இடம். பிறகு அடைத்த மண் பழைய மண்ணோடு ஒட்டியிருக்கவில்லை போலும். கூரையை மரத்தூண் தாங்கிக்கொண்டது. தண்ணீர் சாவகாசமாக உள்ளே வந்து அடுப்பை அணைத்தது, அரிசிப் பானையைத் தூக்கி மிதக்கவிட்டது.

செவந்தி முழங்கால் தண்ணீரில் நின்றாள். எதிரே கண்மாய் முழுசாகக் கிடந்தது. கரையின் வளைவு, தூரத்தில் அய்யனார் கோயில் புளியமரங்கள், நடுவில் வெயில் பட்டு மினுங்குகிற தண்ணீர். மறைப்பு ஒன்றுமில்லை. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கரைமேல் சனம் கூடிவிட்டது. "அடப் பாவமே" என்று யாரோ சொன்னார்கள். ஒருவரும் இறங்கவில்லை. ரத்தினவேல் முன்னால் வந்து நின்றார். சரிந்த சுவரையும் உள்ளே நின்ற கிழவியையும் பார்த்தார். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"ஏ ராக்கா! சாமி இன்னும் கொஞ்ச நேரத்துல இந்தப் பக்கமா வருதுடா! தொறந்து போட்டுக்கிட்டு நிக்கிறீக?"

"செவரு விழுந்துருச்சுங்க, ஐயா."

"அது தெரியுது. மறைங்கடா சீக்கிரம்! டேய், எங்க வீட்டுக் கொட்டாயில கீத்து கெடக்கு, வண்டியில அள்ளிட்டு வாங்க. காசு கீசு கேக்காதீக."

வண்டி பறந்துகொண்டு வந்தது. இந்த வீடு கட்டின நாளிலிருந்து ஊர்ப் பக்கமிருந்து ஒரு கை மண் வந்ததில்லை. இப்போது வண்டி நிறையப் புதுத் தென்னங்கீற்றும், முளைக்கம்பும், கயிறும் வந்தன. கரை ஓரத்திலேயே தள்ளினார்கள். ராக்கன் இறங்கிப்போய் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்து, வெளியே இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பை ஊன்றினார். கீற்றை அடியிலிருந்து ஒவ்வொன்றாக வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"செவந்தி, உள்ளேருந்து கயித்தக் குடு" என்றார்.

அவள் கொடுத்தாள்.

கீற்று நெஞ்சுக்கு வந்தது. கரையில் கொட்டு நெருங்கிவிட்டது. "சீக்கிரம்டா, சீக்கிரம்" என்று ரத்தினவேலின் குரல் கேட்டது. கீற்று கழுத்துக்கு வந்தது. செவந்தி எட்டிப் பார்த்தாள். புளியமரங்கள் மட்டும் தெரிந்தன. கீற்றுக்கு மேலே ராக்கனின் முகம் ஒரு தடவை தெரிந்தது. அவர் அவளைப் பார்க்காமல் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டுய்யா. நல்லா இறுக்கிக் கட்டு" என்றாள்.

கடைசிக் கீற்றும் ஏறியது. உள்ளே இருட்டாயிற்று. வெளியே கொட்டு முழங்க, குலவைச் சத்தத்தோடு சாமி கடந்துபோயிற்று. கண்மாய் கண்ணுக்கு மறைந்துவிட்டது. வீட்டுக்குள் அது செவந்தியின் முழங்காலைத் தாண்டித் தொடைக்கு ஏறிக்கொண்டிருந்தது.