மூலை நசுங்கிய பெட்டி

தொழில் சங்கத்தின் வேன் வாசலில் வந்து நிற்பதற்குள், யார் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று அட்டைப்பெட்டி கம்பெனியில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. முன்வாசல் வழியாகப் பெட்டிக் கட்டுகள் வெளியே போக வேண்டும். அதே கட்டுகள் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். முதலாளியம்மாவின் தங்கைதான் மேற்பார்வை. அவளுக்கு இந்தக் கூத்து பிடிக்கவே இல்லை.

"அக்கா, வேணாம்க்கா. வெட்டுற மெஷின் படுத்துடுச்சுன்னு சொல்லிடலாம். சங்கத்துலயே மெக்கானிக் இருக்காராமே."

"சொல்லிட்டு? நாளைக்கு ஊரே கைகொட்டிச் சிரிக்கும். நீ போய் மோட்டாரைப் போடு."

மோட்டார் ஓடியது. சத்தத்துக்குக் குறைவில்லை, பிளேடு மட்டும் இறங்கவில்லை. சோப்பு கம்பெனிக்கு இந்த வாரக் கடைசிக்குள் பெட்டிகள் போயாக வேண்டும். போகாவிட்டால் அவர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள், பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருக்கும். அதை நினைத்து முதலாளியம்மாவுக்குத் தூக்கம் போயிருந்தது. ஆனாலும் சங்கத்துக்காரர்கள் முன்னால் தலைகுனிவதுதான் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

காரணம் 'மீசை'. இரண்டு தெரு தள்ளி அதே பெட்டித் தொழில் செய்பவர். மாதம் ஒரு கம்பெனியாகச் சங்கத்தார் சுற்றிப் பார்ப்பது வழக்கம். போன மாதம் அவர் முறை. அங்கே மெஷின் அடைமழை மாதிரி வெட்டித் தள்ளியது. அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு வயிற்றெரிச்சல்.

வேனிலிருந்து இறங்கிய செயலாளர் வழக்கம்போலக் கேட்டார்: "எப்படிம்மா போகுது?"

"ஓடுது சார்."

அந்த வருடம் முழுக்க எல்லா உறுப்பினர்களும் அவருக்குச் சொன்ன பதில் அது ஒன்றுதான். கணக்கு வகுப்பு, பொது லாரி, கூப்பிட்டால் வரும் மெக்கானிக் என்று பார்த்துப் பார்த்து அவர் செய்து வைத்தார். லாரி நின்ற இடத்திலேயே தூசி படிந்தது. மெக்கானிக் சங்கத்துக்கு டீ குடிக்க மட்டும் வந்துபோனார்.

எல்லோரும் சுற்றிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அலுவலக அறைக்கு டீ குடிக்கப் போனார்கள். மீசை மட்டும் முதலாளியம்மாவோடு வாசலோரம் நின்றுகொண்டார். மூலை நசுங்கிய பெட்டி ஒன்று தள்ளுவண்டியில் அவரைக் கடந்தது.

"இந்தப் பெட்டி எனக்கு ரொம்பப் பழக்கமாயிடுச்சும்மா," என்றார். "மூணாவது தடவையா வணக்கம் வைக்குது."

அவளுக்கு முகம் வெளுத்தது. "அண்ணே, தயவுசெஞ்சு சத்தம் போடாதீங்க."

"நான் ஏன் போடறேன்? அதுக்குத்தான் உங்க மோட்டார் இருக்கே." சிரித்தவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் என் மெஷின் அந்த ஓட்டம் ஓடுச்சே, எதை வெட்டுச்சுன்னு பாத்தீங்களா?"

"அட்டையைத்தானே?"

"கழிச்சுப் போட்ட அட்டைம்மா. மெஷின் குத்துக்கல்லாட்டம் இருக்கு. ஆர்டர்தான் கையில ஒண்ணுமில்ல. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் பெட்டிக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது.

"சோப்பு கம்பெனி ஆர்டரே என்கிட்ட இருக்கு அண்ணே. மெஷின்தான் படுத்துடுச்சு."

"அட கடவுளே! அப்ப சோப்புப் பெட்டி வெட்டுற அச்சை எடுத்துக்கிட்டு உங்க ஆளுங்களோட கெளம்பி வாங்க. இங்க உக்காந்து ஏன் அழறீங்க?"

டீ டம்ளருடன் செயலாளர் எட்டிப் பார்த்தார். "என்ன, ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு? தொழில் அவ்வளவு ஜோரா ஓடுதா?"

"ஓடலை சார்," என்றாள் அவள்.

தங்கை காத்திருந்தவள்போல ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினாள். அந்த அமைதியில், வெளியே வந்துவிட்ட எல்லோரிடமும் அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள், பின்வாசல் உட்பட. யாரும் கைகொட்டவில்லை. சங்கத்தாரில் ஒருவரான அச்சகக்காரர் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்குக்கூட சரக்கு அனுப்ப வண்டி இல்லாம ரெண்டு மாசமா..." என்று இழுத்தார்.

செயலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வாசல்ல லாரியை நிறுத்தி வச்சிட்டு ஒரு வருஷமாக் காத்திருக்கேன். எல்லாருக்கும் ஓடுது ஓடுதுன்னா நான் யாருக்குத்தான்யா உதவி பண்றது?"

உதிரிபாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார். அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. மீசையின் மெஷின் இந்த முறை உண்மையாகவே வெட்டியது. சோப்புப் பெட்டிகள் பொது லாரியில் ஏறி, கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தன. கூலியில் பங்கு மீசைக்கு. ஒருவருக்கும் வேலை போகவில்லை. வாரக் கடைசியில் அக்காவும் தங்கையும் விடிந்தது தெரியாமல் தூங்கினார்கள்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அக்காவைப் பேசச் சொன்னார்கள். மூலை நசுங்கிய அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"இதைத்தான் அன்னைக்கு உங்களுக்குச் சுத்திச் சுத்திக் காட்டினேன். கஷ்டத்தைச் சொல்றதுல கேவலம் ஒண்ணுமில்லைங்க. சொல்லாம மறைச்சு, நம்மளை நம்பி வேலைக்கு வர்றவங்க பொழப்பைக் கெடுக்கறதுதான் கேவலம். வறட்டு கௌரவம் ஒரு மெஷினைக்கூட ஓட்டாது. வாயைத் திறந்து கேட்டா, பக்கத்துத் தெருவுலயே உதவி இருக்கும்."

செயலாளர் எழுந்தார். "இனிமே எப்படிப் போகுதுன்னு கேக்கப் போறதில்லை. யாருக்கு எது ஓடலை? கூச்சப்படாமச் சொல்லுங்க."

வேர்வையைத் துடைத்துக்கொண்டு மீசை முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.

"முதல்ல இந்த ஃபேன் ஓடலை சார்."

டீயைக் கீழே வைத்துவிட்டு மெக்கானிக் உற்சாகமாக எழுந்தார்.