துப்பத் தெரியாதவர்

என் வீட்டுக்காரருக்குத் துப்பத் தெரியாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக ருசி பார்க்கிற வேலை அவருக்கு. அங்கே அவரை எல்லாரும் 'நாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடிப்பார். இது மூன்றாம் அடுப்பில் வெந்தது, தட்டின் ஓரத்தில் இருந்தது, இரண்டு நிமிடம் கூடுதல் என்று சொல்லிவிடுவார். அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. மெல்ல வேண்டும், ருசியைக் குறித்துக்கொள்ள வேண்டும், பிறகு பக்கத்தில் வைத்திருக்கும் காகிதக் குவளையில் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது கடி. இந்த மகானுபாவர் பத்தொன்பது வருடமாக அறுபதையும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

விஷயம் வெளியே வந்ததே ரத்தப் பரிசோதனையில்தான். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆறு புள்ளி மூன்று. ஆறரையைத் தொட்டால் நீரிழிவு என்று சீட்டில் எழுதிவிடுவார்களாம். தொழிற்சாலை அதைவிடக் கறார். மூன்று மாதத்தில் ஆறுக்குக் கீழே இறங்காவிட்டால் ருசி மேசையிலிருந்து தூக்கி அட்டைப்பெட்டிப் பிரிவில் போட்டுவிடுவார்கள். இதை அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, கடையில் தக்காளி இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"ஏங்க, துப்பத்தானே குவளை குடுத்திருக்காங்க?" என்றேன்.

"குடுத்திருக்காங்க. ஆனா மாவு பிசையுறவர் எதிர்லயே நிக்கிறார். விடியறதுக்கு முன்னாடி எழுந்து வந்து பிசைஞ்ச மாவு. என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருப்பார். அவர் கண்ணு முன்னாடி எப்படித் துப்புறது?"

"பத்தொன்பது வருஷமாவா?"

"மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல."

எனக்கு எப்போதுமே கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்று மூக்கைத் தாண்டி உச்சந்தலைக்குப் போய்விட்டது. தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை அப்படியே போட்டுவிட்டுக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கத்தி முடித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏனென்றால் அட்டைப்பெட்டிப் பிரிவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜலதோஷம் பிடித்து அவருக்கு ஒரு மாதம் வாசனையே தெரியாமல் போனது. அந்த மாதம் முழுக்க அட்டைப்பெட்டி மடித்தார். குளியலறையில் பாடுவதை நிறுத்தினார். சாப்பாட்டில் எதை வைத்தாலும் "நல்லா இருக்கு" என்றார். உப்பு ஒரு கல் கூடிவிட்டது, வெங்காயம் அவசரப்பட்டுவிட்டது என்று அதுவரை இருபத்துநான்கு வருடமாக என் உயிரை வாங்கியவர், உப்பே போடாத பருப்பையும் நல்லா இருக்கு என்று சாப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பயமாக இருந்தது அந்த ஒரு மாதம்தான். அந்த மனிதர் மறுபடி என் வீட்டுக்குள் வரக்கூடாது.

எங்கள் மகள் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறவள். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"தட்டுல பாதி காய்கறி இருக்கணும், அம்மா. கால் பங்கு சோறு. மீதி கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. முதல்ல காயைச் சாப்பிட்டுட்டு அப்புறம் சோத்துக்கு வரணும். சர்க்கரை போட்ட டீ, ஜூஸ் எல்லாம் வேணாம். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் நடக்கணும். அவ்வளவுதான். பட்டினி மட்டும் போட்டுறாத. உன்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

"நான் என்ன ராட்சசியா?"

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் வேலை, அவருக்குத் துப்பக் கற்றுக்கொடுப்பது. குளியலறைத் தொட்டி முன்னால் நிறுத்தி ஒரு ரொட்டித் துண்டைக் கையில் கொடுத்தேன். மென்றார். "துப்புங்க" என்றேன். விழுங்கிவிட்டார். இன்னொரு துண்டு. கன்னம் உப்ப, கண் பிதுங்க, என்னையே பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது. "நீ பண்ணின ரொட்டியாச்சே" என்றார் பாவமாக. கடையில் வாங்கியது என்றேன். அப்போதும் முடியவில்லை. கடைசியில் கதவுக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே 'தூ' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழந்தை முதல் அடி வைத்ததுபோல் கை தட்டினேன்.

அவருக்கு வேண்டியது மறைவு என்று அப்போதுதான் புரிந்தது. மறைவு தைப்பது என் தொழில். மிச்சம் கிடந்த நீலத் துணியில் ருசி மேசைக்கு அளவாக ஒரு சின்னத் திரை தைத்தேன். மேலே வளையம், கீழே கனத்துக்குப் பொத்தான். மறுநாள் அதைக் கொண்டுபோய் மாட்டினார். தொழிற்சாலையே சிரித்ததாம். மாவு பிசைகிறவர் மட்டும் சிரிக்காமல், "இனிமே உங்க மூஞ்சியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நிம்மதி" என்றாராம்.

வீட்டுக்கு நான்தான் காவல். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். சனிக்கிழமைதோறும் வேலையாட்களுக்கு உடைந்த பிஸ்கட் ஒரு பொட்டலம் கொடுப்பார்கள். வாசலிலேயே பறித்துக்கொண்டேன். ஆனால் சாப்பிடுகிற பொருளைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. தையல் மிஷின் பக்கத்தில் இருந்த பழைய பொத்தான் டப்பாவைக் காலி செய்து அதில் போட்டு வைத்தேன். ஓரம் அடிக்கும்போது ஒன்று, நூல் மாற்றும்போது ஒன்று. இல்லாவிட்டால் நமத்துப்போய்விடும். அவர் தட்டிலிருந்து எடுத்த சோறும் என் தட்டுக்கு வந்தது, மிச்சம் வைத்தால் யார் சாப்பிடுவது. வீட்டில் சர்க்கரை இருந்தால்தானே அவருக்கு ஆசை வரும். சீக்கிரம் தீர்த்துவிடலாம் என்று அவர் பங்குச் சர்க்கரையையும் என் டீயிலேயே போட்டுக்கொண்டேன். தீர்ந்ததும் பழக்கதோஷத்தில் இன்னொரு கிலோ வாங்கினேன். ஒரு குடும்பத்துக்காக ஒருத்தி இதற்குமேல் என்ன தியாகம் செய்ய முடியும்.

அவருக்கு நன்றாகவே பலன் தெரிந்தது. முதல் மாதம் பேன்ட் இடுப்பை ஒரு அங்குலம் பிடித்துத் தைத்தேன். இரண்டாம் மாதம் இன்னும் ஒன்று. மாலையில் என்னையும் நடக்கக் கூப்பிடுவார். எனக்குத் துணி குவிந்து கிடக்கிறது, நீங்கள் போய்வாருங்கள் என்று அனுப்பிவிட்டு ஜன்னலில் நின்று பார்ப்பேன், போகிறாரா, இல்லை கடையில் நுழைகிறாரா என்று. கையில் ஒரு பிஸ்கட்டோடுதான் பார்ப்பேன். அதே சமயம் வீட்டில் சோப்பு சரியில்லாமல் போனது. என் சட்டைகள் எல்லாம் சுருங்கின. பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டு வைத்திருந்த துணியை வெளியே எடுத்துத் தைத்துக்கொண்டேன். சோப்புக் கடைக்காரரிடம் சண்டையும் போட்டேன்.

இதற்கு நடுவில் என் அண்ணன் வீட்டு விருந்து வந்தது. அண்ணி இரண்டு நாள் மெனக்கெட்டு மூன்றடுக்குக் கேக் செய்திருந்தாள். எல்லார் கையிலும் ஒரு துண்டு. ஒரு வாய் மட்டும் என்று கண்ணால் இவருக்கு அனுமதி கொடுத்தேன். வாயில் போட்டார். கண்ணை மூடினார். மென்றார். பிறகு பக்கத்திலிருந்த ஜன்னல் திரையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, காலி டீக் கோப்பையில் நிதானமாகத் துப்பினார். தண்ணீரை எடுத்துக் கொப்பளித்தார். திரையை விலக்கி, "அடியில கொஞ்சம் வேகல. மத்தபடி பத்துக்கு ஏழு போடலாம்" என்றார்.

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் டீக் கோப்பையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி கோப்பையைப் பார்த்தார். எங்கே இருக்கிறோம் என்பது இவருக்கு அப்போதுதான் உறைத்தது. திரையை மறுபடி இழுத்து மூடிக்கொண்டார். எனக்கு வந்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். விலா வலிக்கச் சிரித்தேன். பிறகு குடும்ப மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே. அவர் துண்டு, என் துண்டு, அண்ணி சமாதானமாக நீட்டிய மூன்றாவது துண்டு எல்லாவற்றையும் "அண்ணி, பிரமாதம்" என்று சொல்லிச் சொல்லி நானே சாப்பிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். இவ்வளவு சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது.

மூன்று மாதம் முடிந்தது. மகளே ஆய்வகத்தில் ரத்தம் எடுத்தாள். அவருக்கு எடுத்து முடித்ததும் நான் கையை நீட்டினேன்.

"எனக்கும் எடு. ஒழுங்கா இருக்கிறவங்க ரத்தம் எப்படி இருக்கும்னு உங்கப்பா பார்க்கட்டும்."

மறுநாள் சாயங்காலம் இரண்டு கவரோடு வந்தாள். முதல் கவரைப் பிரித்து, "அப்பா, அஞ்சு புள்ளி எட்டு" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்து, மிஷினுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் இருக்கிற நாலடி இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினேன். நாக்கு தப்பித்தது. ருசி மேசை தப்பித்தது. உப்புக் கூடிவிட்டது என்று சாகிற வரை என்னைத் திட்டப்போகிறார். எல்லாம் என் சாமர்த்தியம் என்று அவர் காதிலேயே சொன்னேன். மகள் சிரிக்கவில்லை.

"அம்மா, நீ கொஞ்சம் உக்காரு."

"என்னுது எவ்வளவு?"

"ஆறு புள்ளி ரெண்டு."

"கவர் மாறிப்போச்சு."

"மாறல. நான்தான் பேர் ஒட்டினேன்."

"அப்ப உங்க ஆய்வக மிஷின் கெட்டுப்போச்சு. சோப்பும் சரியில்ல, மிஷினும் சரியில்ல, இந்த ஊர்ல எதுவுமே சரியில்ல."

அவர் எழுந்து போனார். பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். அடியில் நாலைந்து பிஸ்கட் கிடந்தன. கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டேன்.

"எனக்குத் தெரியும். ரெண்டு மாசமா உன் மேல வெண்ணெய் பிஸ்கட் வாசனை. நாலாம் அடுப்பு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ எனக்காக அவ்வளவு பாடுபட்டுக்கிட்டு இருந்த. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?"

"மரியாதையா?"

"மரியாதைதான்" என்றார். அப்போது அவர் கண் கலங்கிவிட்டது. "இந்தப் பாழாப்போன மரியாதையால உனக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

இருபத்தாறு வருடத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவரை இழந்துவிடுவோமோ என்று நான் பயந்த பயத்தை அவர் முகத்தில் பார்த்தேன்.

"அம்மா, இது இன்னும் நோய் இல்ல. அப்பா இறங்கின மாதிரி நீயும் இறங்கலாம்" என்றாள் மகள்.

அவர் என் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்தார். "கையைத் தூக்கு" என்றார். டேப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என் இடுப்பைச் சுற்றினார். "இருபத்திரெண்டு" என்றார் ஆச்சரியமாக. எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே டேப்பைச் சரியான பக்கமாகத் திருப்பிக் கொடுத்தேன். முப்பத்தெட்டு. ஊரெல்லாம் அளந்த டேப், வீட்டுக்காரியை அளக்கவில்லை. சோப்புக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அவர்தான் தட்டு வைத்தார். பாதி நிறைய வெள்ளரி, கேரட், வேகவைத்த பீன்ஸ். இந்தப் பக்கம் கொஞ்சூண்டு சோறு, ஒரு முட்டை. நான் டப்பாவைப் பார்த்தேன். டப்பாவை நான் பார்ப்பதை அவர் பார்த்தார். எழுந்துபோய்க் காகிதக் குவளை ஒன்று எடுத்துவந்து, டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து ஓரத்தைக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"முதல்ல மொறுமொறுப்பு. பத்துக்கு ஒன்பது. பல்லுல பட்டதும் தானா உடையுது. அப்புறம் வெண்ணெய் வருது, மெதுவா, நாக்கோட ரெண்டு பக்கமும். கடைசியில ஒரு சின்ன உப்பு. தெரியுதா?"

"தெரியுது" என்றேன், வெள்ளரிக்காயை மென்றுகொண்டே. நிஜமாகவே தெரிந்தது.

பிறகு திரை எதுவும் இல்லாமல், என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு, குவளையில் துப்பினார்.