ஐந்து நிமிடம் பிந்திய பேராலயம்

மியூரியல் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. அவள் கேம்பிரிட்ஜை விட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிவர வேண்டுமென்றால், அவளுடைய அண்ணன் அம்ப்ரோஸ் எங்கள் ஊரைப் பற்றி வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்.

"இல்லேன்னா ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணி உங்க ஊரைத் திட்டுவார், செட்ரிக். இந்த வயசுல என் காது தாங்காது."

நியாயம்தான். ஆனால் கேம்பிரிட்ஜ்காரர் வாயிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பாராட்டு வாங்குவதைவிட, நான் ஓட்டிய பழைய பஸ்ஸைத் தேம்ஸ் தண்ணீர்மேல் ஓட்டிக் காட்டிவிடலாம். அதோடு மனிதர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அவருடைய பைக்கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டுதான் சூரியன் போர்வையை விலக்கும்.

யோசித்துப் பார்த்து, கையிலிருந்த துருப்புச்சீட்டை இறக்கினேன். நாங்கள் 'வீடு' என்றே சொல்லும் கல்லூரி. வளாகத்துக்குள்ளேயே பேராலயத்தை வைத்திருக்கும் எங்கள் ஊர்க் கல்லூரி. சனிக்கிழமை ஆறு மணி மாலை வழிபாட்டுக்கு இருவரையும் அழைத்துப் போனேன்.

அந்தக் கோபுரவாசலில் நுழையும் ஒவ்வொரு தடவையும் நான் இரண்டு அங்குலம் வளர்வேன். அம்ப்ரோஸ் வளரவில்லை. முற்றத்தின் நடுவிலிருந்த குளத்தை எட்டிப் பார்த்தார்.

"மீனெல்லாம் ஏன் இப்படி நோஞ்சானா இருக்கு?"

பக்கத்தில் வட்டத்தொப்பியோடு நின்ற காவலர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "போன வாரம் ஒரு பேராசிரியரை முழுங்கிடுச்சுங்க ஐயா. கெட்டியான ஆளு. இன்னும் செரிக்கல, அதான் பட்டினி போட்டிருக்கோம்."

மியூரியல் சிரித்தாள். அம்ப்ரோஸ் விடவில்லை. கேம்பிரிட்ஜ் மீன், கேம்பிரிட்ஜ் புல்தரை, கேம்பிரிட்ஜ் கல் என்று வரிசையாக இறக்க ஆரம்பித்தார். காவலரும் சளைக்கவில்லை. ஒருவழியாகக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்த அம்ப்ரோஸ் சுண்ணாம்பாக வெளுத்துப் போனார்.

"ஆறு தாண்டி மூணு நிமிஷம்! நான்... லேட்டா?"

"பரவாயில்ல, உள்ள வாங்க ஸ்டேஷன் மாஸ்டரே."

"யோவ் டிரைவரே, லேட்டா போறது உங்க பஸ்ஸோட குணம். நான் பாதியில நுழையமாட்டேன். மியூரியல், கிளம்பு. இப்பவே ஸ்டேஷனுக்குப் போறோம்."

அவர் திரும்பினால் என் கல்யாணமும் அவரோடு திரும்பிவிடும். அவர் கையைப் பிடித்து, ஏறக்குறைய இழுத்துக்கொண்டே போய் உள்ளே உட்கார வைத்தேன். பாடகர் குழு இன்னும் வரவே இல்லை. ஆர்கன் மட்டும் பூனை மாதிரி மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

"ஏன் இன்னும் ஆரம்பிக்கல?" என்று கிசுகிசுத்தார்.

"இந்தக் கோயில் நேரம் ஊர் நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் பின்னாடி. கிரீனிச்சைத் தாண்டி சூரியன் இங்க வந்து சேர அவ்வளவு நேரமாகும். ரயில் வந்ததும் நாடு முழுக்க ஒரே நேரம்னு ஆயிடுச்சில்ல? ஊரே ஒத்துக்கிச்சு. கோயில் மட்டும் மாட்டேன்னுடுச்சு."

"ரயில்வே சொல்லியுமா?"

"ரயில்வே சொல்லியும்தான்."

கோபத்தில் அவர் மீசை துடித்தது. "இதெல்லாம் ஒரு கோயிலா? எங்க ஊர்க் கல்லூரிகள்ல சமையல்கட்டே இதைவிடப் பெருசு."

அதற்குள் குழு வந்து பாட ஆரம்பித்தது. பேராலயம் சிறியதுதான், நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குட்டைத் தூண்கள் மலையையே தோளில் சுமக்கும் பயில்வான்கள். பீடத்துக்கு மேலே கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்த கூரை. அதை அண்ணாந்து பார்த்து, கழுத்தை இறக்க மறந்தே வீடு போய்ச் சேர்ந்த பிஷப்புகள் ஏராளம். குரல்கள் அந்த நட்சத்திரங்களைத் தொட்டுவிட்டு இறங்கியபோது பெஞ்சுகூட மூச்சை அடக்கிக்கொண்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அம்ப்ரோஸும் அண்ணாந்திருந்தார். வாய் சற்றே திறந்திருந்தது.

வெளியே வந்ததும் மியூரியல் கேட்டாள். "எப்படி இருந்துச்சுண்ணே?"

"சின்னது" என்றார் அம்ப்ரோஸ். அவ்வளவுதான். அவள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

ஆனால் கோபுரவாசல் நிழலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் ஒரு காரியம் செய்தார். கடிகாரத்தை எடுத்து, திருகை இழுத்து, முள்ளைப் பின்னால் தள்ளினார். நான் பார்த்தேன். வாயைத் திறப்பேனா?

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், "நேரம் தாராளமா இருக்கு" என்று சொல்லி அவரே சிப்ஸ் வாங்கித் தந்தார். ஊதி ஊதித் தின்றோம். நடைமேடையில் நாங்கள் கால் வைத்தபோது, அவர்கள் ஊர் திரும்பப் பிடிக்க வேண்டிய லண்டன் ரயில் எங்களுக்கு வாலைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

தன் வாழ்நாளில் ரயிலைத் தவறவிட்டிராத மனிதர், கடைசிப் பெட்டி மறையும்வரை பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எங்களை.

"அண்ணே, உங்க கடிகாரம்..."

"என் கடிகாரத்துக்கு ஒண்ணுமில்ல" என்றார், பழைய ஸ்டேஷன் மாஸ்டர் குரலில். "கோயில் சரியாத்தான் இருக்கு. ரயில்தான் அவசரப்பட்டுடுச்சு."

மியூரியல் கையிலிருந்த சிப்ஸ் பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள்.

"அதைச் சாப்பிட்டுட்டு, எங்களுக்கு ராத்திரிக்கு என்ன சமைக்கப் போறீங்கன்னு சொல்லுங்க, டிரைவரே" என்று என் கையைக் கோத்துக்கொண்டாள்.