மூன்றாம் படியின் முனகல்

பெல்ட்டை மூன்றாம் படிக்கு மாற்றினால் மட்டும் கடைசல் லேத் முனகியது. ஏன் என்றுதான் தம்பிக்குப் பிடிபடவில்லை.

கப்பியில் நான்கு படிகள், நான்கு வேகங்கள். மற்ற மூன்றிலும் சாதுவாக ஓடுகிற யந்திரம், மூன்றாவதில் மட்டும் வாயை மூடிக்கொண்டு மூக்கால் இழுப்பதுபோல ஒரே சுருதியைப் பிடித்தது. அப்போதெல்லாம் கடைகிற தண்டின்மேல் மீன் செதில் மாதிரி வரி விழுந்தது. பேரிங்கை மாற்றினான். வெட்டும் டூலைத் தீட்டினான். அடி போல்ட்டுகளை இறுக்கினான். ம்ஹும்.

தண்டைக் கொடுத்த பம்பு மெக்கானிக் இரண்டு முறை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைந்தீர்களா, சீப்பால் வாரிவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தத் தடிமனுக்கு மூன்றாம் வேகம்தான் சரி. வெள்ளிக்கிழமையும் வரி இருந்தால் அவர் தரும் வேலை நின்றுவிடும். வாடகைக்கு வழியில்லாமல் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். லேத் பழைய இரும்புக்குப் போகும்.

அண்ணன் தன் கையால் கட்டிய லேத் அது. பழைய பிஸ்டன்களை உருக்கி, மண் அச்சில் ஊற்றித் தலைப்பகுதியை வார்த்தான். தடித்த தகடுகளை வெல்டிங் வைத்து, நீளப் பெட்டியாக மூடி, அடிச்சட்டம் ஆக்கினான். கடைசி இணைப்பை மூடிய பத்தாம் நாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வெல்டிங் வைக்கும்போது முகமூடிக்குள் முனகுவது அவன் பழக்கம். அதே சுருதிதான் இது. தம்பி அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தினமும் நான்கு மணிக்கு அண்ணி வந்து லேத்தின் கடைக்கோடியில் நிற்பாள். "மூணாவதுல போடுங்க தம்பி" என்பாள். அவனும் போடுவான்.

புதன்கிழமை அவள் நிற்கவில்லை. தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டு, அடிச்சட்டத்தின்மேல் இரண்டு கைகளையும் பரப்பி, காதை வைத்துச் சாய்ந்துவிட்டாள். முனகல் தணிந்தது. அவள் நிமிர்ந்ததும் மறுபடி எழுந்தது. தம்பி தண்டைப் பார்த்தான். வரிகளுக்கு நடுவே, அவள் சாய்ந்திருந்தபோது கடைந்த இடம் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோல வழவழப்பு.

அவனுக்கு விளங்கிவிட்டது. காலி டிரம்மைத் தட்டினால் கணகணவென்று நீளும். நிரம்பியதைத் தட்டினால் தொப்பென்று அடங்கும். அடிச்சட்டம் உள்ளே காலி. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல, மூன்றாம் வேகம் அதன் அதிர்வைத் தள்ளித் தள்ளிப் பெருக்கியது. உள்ளே மண்ணை நிரப்பினால் போதும். நிரப்பினால் முனகல் போய்விடும். அதனால் வாயைத் திறக்காமல் ஒரு நாள் ஓட்டினான்.

"என்ன, நேத்துலேர்ந்து திருட்டு முழி முழிக்கிறீங்க?" என்றாள் அண்ணி, வியாழக்கிழமை.

"சரி பண்ண வழி தெரியும் அண்ணி. பண்ணினா இது அப்புறம் பேசாது."

அவள் அடிச்சட்டத்தின்மேல் கையை வைத்தாள். "பண்ணலைன்னா?"

"லேத்தே இருக்காது."

எந்த மண் வேண்டும் என்று கேட்டாள். நன்றாகக் காய்ந்த எந்த மண்ணும் ஆகும் என்றான். அவள் மூலைக்குப் போனாள். அங்கே, அண்ணன் அடுத்த வார்ப்புக்காக மண்ணை அடைத்துக் கெட்டித்து வைத்த அச்சுப்பெட்டி எட்டு மாதமாக அப்படியே கிடந்தது. மேல்மண்ணில் நான்கு விரல்களும் கட்டைவிரலும் அழுந்திய தடம்.

"இதை எடுங்க."

"அண்ணி, அது அண்ணன் கை."

"அதனாலதான் சொல்றேன். உள்ள இருக்கட்டும்."

தடத்தை அவளேதான் கலைத்தாள். ஈரம் இருந்தால் சட்டம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும் என்று அவன் சொல்ல, இரும்புத் தகட்டில் கொட்டி, ஆவி அடங்கும்வரை வறுத்துக் கொடுத்தாள். தம்பி சட்டத்தின் கோடியில் ஓட்டை போட்டான். டிரில் உள்ளே இறங்கியது. உள்ளே அடைந்திருந்தது அண்ணன் உயிரோடு இருந்த நாளின் காற்று. கரிந்த இரும்பு வாசம் லேசாக வந்தது, போய்விட்டது. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை பம்பு மெக்கானிக் தண்டை நகத்தால் தடவிப் பார்த்தார். இன்னும் நான்கு தண்டுகளை இறக்கி வைத்தார். நான்கு மணிக்கு அண்ணி வந்து வழக்கமான இடத்தில் நின்றாள். அவள் கேளாமலே தம்பி மூன்றாம் படிக்கு மாற்றினான்.

அடிச்சட்டத்துக்குள் இரண்டரை வாளி வறுத்த மண், மரச்சுத்தியால் தட்டித் தட்டி இறக்கியது. அதிர்வு வந்தால் மண் துகள்கள் ஒன்றோடொன்று உரசி அதைத் தின்றுவிடுகின்றன. மூன்றாம் படியில் முனகல் இல்லை, தண்டில் வரி இல்லை. ஓட்டையை மூடிய தகட்டுக்கு வெல்டிங் வைக்கவில்லை; நான்கு போல்ட்டுகள்தான், எப்போது வேண்டுமானாலும் கழற்றி மண்ணைக் கொட்டலாம்.