பாடையில் சிரித்த பாட்டுக்காரன்

கண்ணுகளா, கிட்டே வாருங்கள். காற்று வருகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளுங்கள், போனைக் கவிழ்த்து வையுங்கள். செத்தவன் ஒருவன் சிரிக்க முடியாமல் தவித்த கதை இது. பயப்பட ஒன்றுமில்லை. கேட்டு முடிக்கும்போது உங்கள் வயிறுதான் வலிக்கும்.

அடி அண்ணாமலை என்ற ஊரில் ஆதவன் என்று ஒரு பிள்ளை. படிப்பை முடித்துவிட்டு வேலை தேடி அலைந்த நாட்களில், வேங்கிக்கால் பஸ் ஸ்டாப்பில் நிற்பான். அங்கே ஆபீஸில் வேலை பார்க்கிற கீர்த்தனாவும் நிற்பாள். அதே ஊர்ப் பெண்தான். ஒரு சித்திரை மத்தியானம் அவன் தலை கொதிப்பதைப் பார்த்து, தன் குடையைக் கொஞ்சம் அவன் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். அவ்வளவுதான். பிள்ளை, வீட்டுக்குப் போய்ப் பாட்டுக் கட்டிவிட்டான்.

‘வேங்கிக்கா வெயிலுல வேகுதடி என் தல,
குடைக்குள்ள எடம் குடு, குத்தம் ஒண்ணும் சொல்லல.’

போனிலேயே பாடி, போனிலேயே படம் பிடித்து ஏற்றினான். கரும்பு ஜூஸ் கடையில் அந்தப் பாட்டு, ஷேர் ஆட்டோவில் அந்தப் பாட்டு, பெண் அழைப்பில் அந்தப் பாட்டு. சென்னையில் மேடை போட்டார்கள், சிங்கப்பூருக்குக் கூப்பிட்டார்கள். தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம் பூசினார்கள். பின்னாலேயே சினிமாவும் வந்தது. பாட்டுக்காரனைப் பாட வைத்தார்களா? அதுதான் இல்லை. டைரக்டர் புகழேந்தி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உனக்கு வில்லன் கண்ணுப்பா” என்றார்.

முதல் படத்திலேயே, தாலியறுத்த ஒருத்தியின் பசுமாட்டைக் கிணற்றில் தள்ளிவிட்டு, கிணற்று மேட்டில் நின்று ஒரு பக்க உதட்டால் சிரித்தான் ஆதவன். மற்ற ஊர்களில் கைதட்டினார்கள். அடி அண்ணாமலையில் அவன் தெருவில் போனால் கறவை வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் மாட்டைப் பிடித்துக் கொட்டகைக்குள் கட்டினார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தட்டு நிறையப் பழத்தோடு அவன் பெண் கேட்டுப் போன அன்று, கீர்த்தனாவின் அம்மா ஆதிலட்சுமி வாசலை மறித்து நின்றுகொண்டாள்.

“யாரு, மாட்டைத் தள்ளினவனா?”

“அத்தை, அது நெஜ மாடு இல்லீங்க. கம்ப்யூட்டர் மாடு.”

“மாடு கம்ப்யூட்டரா இருக்கட்டும். தள்ளின கை உன் கைதானே?”

“டைரக்டர் தள்ளச் சொன்னாருங்க அத்தை.”

“நாளைக்கு என் பொண்ணைத் தள்ளச் சொன்னா?”

உள்ளேயிருந்து கீர்த்தனா, “நம்ம வூட்ல கெணறே இல்லியேம்மா” என்றாள்.

“நீ வாயை மூடுடி.”

மறுநாள் கீர்த்தனா அவனிடம் சொல்லிவிட்டாள். “உன்னைத் தவிர யாரையும் கட்டிக்க மாட்டேன். ஆனா எங்கம்மா மனசார சரின்னு சொல்லாம தாலிக்குக் கழுத்தையும் நீட்ட மாட்டேன்.” ஊரெல்லாம் அவன் பாட்டைப் பாட, பாட்டுக்கு உரியவள் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே கிடந்தது.

அடுத்த படம் வந்தது. அதில் வில்லன் செத்துப்போகிறான். அடி அண்ணாமலைத் தெருவிலேயே படப்பிடிப்பு. ஒப்பாரி வைக்க உள்ளூர்ப் பெண்கள்தான் வேண்டும் என்றார் புகழேந்தி. முதல் ஆளாக வந்து நின்றது யாரென்று நினைக்கிறீர்கள்? ஆதிலட்சுமியேதான்.

“அந்தப் பாவி சாவறதை என் கண்ணால பாக்கணும்.”

பாடையில் ஆதவனைக் கிடத்தினார்கள். நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. கண்ணை மூடிக் கிடந்தவன் காதில் அத்தையின் குரல் விழுந்தது.

“பச்சக் கன்னு ஈனும் பசு, பாவி உனக்கென்ன செஞ்சுது?
பாழுங் கெணத்துல தள்ளினியே, பாடையில இப்பப் படுத்தியே!”

டைரக்டருக்கு வாயெல்லாம் பல். “அம்மா, பின்றீங்க! விடாதீங்க!”

ஆதவனுக்கோ நெஞ்சு கனத்தது. செத்தால்கூட மன்னிக்க மாட்டாள் போலிருக்கிறதே! அந்த நேரத்தில் ஒரு ஈ வந்து அவன் உதட்டில் உட்கார்ந்தது. பிணம் ஈயை ஓட்ட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். சட்டென்று முகத்தில் காற்றுப் பட்டது. ஆதிலட்சுமி, திட்டுவதையும் நிறுத்தாமல், முந்தானையால் ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

“கட், ஓகே!” என்றார் புகழேந்தி. “தம்பி, சிரிங்க. ஒரு ஸ்டில் எடுத்துடலாம்.”

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் எழுந்திருக்கும் முன்னே கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். சிரித்தால்தான் தோஷம் கழியும்.

ஆதவன் கண்ணைத் திறந்து சிரித்தான். ஒரு பக்க உதடுதான் ஏறியது.

“ஐயே, அது மாட்டைத் தள்ளின சிரிப்பு!” என்று பெண்கள் கத்தினார்கள்.

மறுபடி முயன்றான். அதுவே வந்தது. மனசு கனத்துக் கிடக்கும்போது உதடு மட்டும் என்ன செய்யும்? லைட்டுக்காரர் குட்டிக்கரணம் போட்டுக் காட்டினார், மேக்கப்காரர் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

எல்லாரையும்விட ஆதிலட்சுமிதான் பதறிப்போனாள். “டேய் தம்பி, சிரிச்சுடுடா! சிரிக்காம பாடையை வுட்டு எறங்காதடா!”

“செத்தா சந்தோஷம்னுதானே வந்தீங்க அத்தை?”

“அது படத்துல சாவறவன்டா! நீ சந்திரம்மா பெத்த புள்ள. உனக்கு ஒண்ணுன்னா உங்கம்மாவுக்கு யார் பதில் சொல்றது? இன்னா பண்ணா சிரிப்ப, சொல்லு!”

“எனக்குச் சிரிப்பு வரலீங்க அத்தை. நெஜமாவே வரல.”

ஆதிலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு என்ன தோன்றியதோ, பாடையோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாரில் அடித்தபடி, சாவு வீட்டு இழுவையிலேயே எடுத்துவிட்டாள்.

“வேங்கிக்கா வெயிலுலேஏஏ... வேகுதடி என் தலயேஏஏ... குடைக்குள்ள எடம் குடுடி, என் மகராசீஈஈ...”

ஆதவன் ஒரு நொடி விழித்தான். வரிக்கு வரி மனப்பாடம்! அடுத்த நொடி குபீரென்று வெடித்தான் பாருங்கள், மூக்குப் பஞ்சு ரெண்டும் பறந்துபோய் டைரக்டர் சட்டையில் ஒட்டிக்கொண்டது. பாடை ஆடியது, கால் கட்டு அறுந்தது. கன்றுக்குட்டி துள்ளுகிற மாதிரி துள்ளித் துள்ளிச் சிரித்தான்.

“பாட்டெல்லாம் தெரியுதே அத்தை!”

“என் பொண்ணு காலையும் சாயந்திரமும் அதையே போட்டா, தெரியாம?” என்ற ஆதிலட்சுமிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். “இப்பிடிச் சிரிக்கறவன் மாட்டைத் தள்ளியிருக்க மாட்டான். ஆனா நான் சொன்னா மட்டும் போதாது. போய்த் தலை முழுகிட்டு வீட்டுக்கு வா. செவப்பி சொல்லட்டும்.”

செவப்பி அவள் வீட்டுப் பசு. அந்நியர் கிட்டே போனால் முட்டும்.

பம்ப்செட்டில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றான் ஆதவன். தெருவே வேலியோரம் கூடிவிட்டது. வலது கையை நீட்டினான். செவப்பி மூச்சு விட்டது, முகர்ந்தது, கொம்பை ஒரு ஆட்டு ஆட்டியது. பிறகு சொரசொரப்பான நாக்கால் அந்த உள்ளங்கையை நக்கியது. ஒரு தரம் இல்லை, கையை எடுக்க விடாமல் நக்கிக்கொண்டே இருந்தது.

“தள்ளின கையையே நக்குது பாரு” என்றாள் ஆதிலட்சுமி. பிறகு உள்ளே திரும்பி, “கீர்த்தனா! மாப்பிள்ளைக்குக் காபி போடுடி. சக்கரை ஜாஸ்தியா போடு” என்றாள்.

கேட்டீர்களா கண்ணுகளா, அப்படித்தான் அந்தக் கதவு திறந்தது. உங்கள் வீட்டுக் கதவும் நல்ல மனசுக்காரர்களுக்கு என்றும் திறந்திருக்கட்டும். வெயிலில் வருகிறவருக்குக் குடையைச் சாய்த்துப் பிடிக்கிற கை ஒன்று உங்கள் குடும்பத்தில் தலைமுறைதோறும் இருக்கட்டும். பாலும் சிரிப்பும் பொங்கிப் பொங்கி வழியட்டும். அண்ணாமலையார் துணையிருந்து உங்கள் குழந்தை குட்டிகளைக் காக்கட்டும்.