மெத்தோதி வழிமுறை

டான்யூப் ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பல்கேரிய நகரத்தின் பாஸ்போர்ட் அலுவலகத்தில் மூன்றாம் எண் கவுண்டர் மெத்தோதியுடையது. ஐம்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களெல்லாம் கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களில் முன்வரிசை பிடித்து, தலையாட்டி, மாடி அறைகளுக்குப் போய்விட்டார்கள். மெத்தோதி பின்வரிசையில் உட்கார்ந்து தூங்கிவிடுவார். சில சமயம் குறட்டையும் வரும்.

ஓர் அக்டோபர் செவ்வாய்க்கிழமை ஸ்லாவ்கா வந்தாள். தையல் ஆலையில் துணி வெட்டுகிறவள். கணவன் இறந்து ஆறு வருடம். போர்க்காலத்தில் கல்யாணமாகி வியன்னாவுக்குப் போன அக்காவை இருபத்தெட்டு வருடமாகப் பார்க்கவில்லை, ஒரு மாதம் போய்வர அனுமதி வேண்டும் என்றாள். பேசிக்கொண்டே கையுறையைக் கழற்றினாள். கட்டைவிரலில் கத்தரிக்கோல் பிடித்த காய்ப்பு.

பதினோரு காகிதங்கள். ஒன்றில்கூட ஓர் எழுத்துப் பிழை இல்லை. மெத்தோதி முத்திரையை எடுத்தார். குத்தினால் இவள் எழுந்து போய்விடுவாளே என்று தோன்றியது. முத்திரையைக் கீழே வைத்தார்.

"குடியிருப்புக் கமிட்டி சர்டிபிகேட் பழசா இருக்கே, தோழர்."

"போன வாரம்தாங்க வாங்கினேன்."

"அதான் சொல்றேன், போன வாரத்துது. அடுத்த மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க."

வந்தாள். நவம்பரில் போட்டோவில் காது தெரியவில்லை என்றார். டிசம்பரில், தலைமுக்காட்டில் பனித்துகளோடு வந்தவளிடம், ஆலை மேலாளரின் கையெழுத்து சாய்ந்திருக்கிறது என்றார். அவள் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வாள். மாதாமாதம் தபால் நிலையத்திலிருந்து அக்காவுக்கு டிரங்கால் போட்டு, "அடுத்த மாசம் வந்துடுவேன்க்கா" என்று சொல்வதை ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மெத்தோதிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த முறை கட்டாயம் குத்திவிடுவது என்று முடிவு செய்தார். அடுத்த முறை நன்றாக மழித்துக்கொண்டு, இருந்த ஒரே நல்ல டையைக் கட்டிக்கொண்டு வந்தார். அவள் வந்தாள். கை முத்திரைப் பக்கம் போகவில்லை.

இப்படிப் பதினாலு மாதம்.

அலுவலகத் தலைவர் பாலெவுக்குத் தலைநகர் சோஃபியாவில் ஒரு நாற்காலியின் மேல் கண். "எதிரியிடம் விழிப்பாயிருப்போம்" என்று மேலிடத்துச் சுற்றறிக்கை வந்த வாரம், உதாரணம் காட்ட ஏதாவது கிடைக்குமா என்று கோப்புகளைக் கிளறியபோது, ஸ்லாவ்காவின் கோப்பு கையில் சிக்கியது.

"என்னய்யா மெத்தோதி, இந்தப் பொம்பளைய பதினாலு மாசமா அலைய விட்டிருக்கீங்க?"

"அது... மனசுல ஏதோ ஒண்ணு உறுத்துதுங்க, தோழர் பாலெவ்."

"உறுத்துதா!" பாலெவ் மேசையைத் தட்டினார். "இதுதான்யா விழிப்பு! உங்களப் போயி தூங்குமூஞ்சின்னு நெனச்சேனே!"

அறிக்கை எழுதப்பட்டது. முதல் ஏழு பக்கம் பாலெவின் தலைமைச் சிறப்பு. கடைசிப் பத்தியில் "மெத்தோதி வழிமுறை". பாலெவுக்கு சோஃபியா கிடைத்தது. மெத்தோதிக்கு மூன்றாம் மாடியில் கம்பளம் விரித்த அறை கிடைத்தது. அங்கே பொதுமக்கள் யாரும் வரக் கூடாது.

மூன்றாம் கவுண்டருக்கு அசென் என்ற இளைஞன் வந்தான். முன்னேறத் துடிப்பவன். தேங்கிய மனுக்களை மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும், அதிகம் முடிப்பவருக்குப் பாராட்டுப் பத்திரம் என்று அடுத்த சுற்றறிக்கை வந்திருந்தது. ஸ்லாவ்காவை உட்காரச் சொல்லக்கூட அவனுக்கு நேரமில்லை. குத்திக் கொடுத்துவிட்டான்.

காதில் விழுந்ததும் மெத்தோதி படிகளில் ஓடி இறங்கினார். அவள் வாசலுக்கு அருகில் பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலு நிமிஷம்," என்றாள். "அந்தத் தம்பி நாலே நிமிஷத்துல குடுத்துட்டாரு. அதே காகிதம்தான். அதுல என்னதாங்க தப்பு இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. மொத நாளே எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"குத்திட்டா நீங்க வர மாட்டீங்களே."

"எங்கக்கா ஸ்டேஷனுக்கு வந்து நிக்கிறேன்னு சொன்னா, போன வருஷம். இப்ப அவளால கட்டில விட்டு எந்திரிக்க முடியல." ஒவ்வொரு விரலாகக் கையுறையை மாட்டினாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெளிய ஒரு காபி சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம். வந்தாலும் வந்திருப்பேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

முப்பது நாள் அனுமதி. நாற்பதாம் நாளும் அவள் திரும்பவில்லை. அறுபதாம் நாள் விசாரணை வைத்தார்கள். அசெனை எல்லையோரக் கிராமத்தில் ஆடுகளைப் பதிவு செய்யும் வேலைக்கு அனுப்பினார்கள். ஊரிலேயே அவளைச் சந்தேகித்த ஒரே மனிதர் என்று மெத்தோதிக்குப் பதக்கம் கொடுத்து, இளம் அதிகாரிகளுக்குப் பாடம் எடுக்க சோஃபியாவுக்கு அழைத்தார்கள்.

எண்பது பேர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் பாலெவ். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அவங்க திரும்பி வர மாட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தோழர் தெரிஞ்சுது?"

மெத்தோதி தண்ணீர் குடித்தார். இனிப் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"தெரியாதும்மா. வரணும்னுதான் நெனச்சேன். ஒவ்வொரு மாசமும், அவங்க வரணும்னு மட்டுந்தான் நெனச்சேன்."

அரங்கம் ஒரு கணம் விழித்தது. பாலெவ் எழுந்து நின்றார். "பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்!" என்று கைதட்டினார். எண்பது பேரும் அவசர அவசரமாக எழுதிக்கொண்டு, பிறகு தட்டினார்கள். தட்டி ஓயும்வரை மெத்தோதி அரங்கத்தின் வாசல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.